வீட்டில் செய்த நிலநடுக்கமானி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில், சங்க மாணவர் விடுதி முற்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசியவர்கள் பட்டம் பெற்றவர்கள்; பதவி வகித்தவர்கள். நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆய்வக உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கருவிகளை எடுத்து வைப்பதும், துடைப்பதும், எண்ணிப் பூட்டுவதும் என் பணி. அவற்றை இயக்குவது என் பணி அன்று. ‘நீங்கள் செய்த நிலநடுக்கமானியைப் பற்றிப் பேச வேண்டும்’ என்று செயலாளர் கேட்டபோது தயங்கினேன். அந்தக் கதையில் நான் பெருமைப்படத் தக்க பகுதியும் உண்டு. தலைகுனியத் தக்க பகுதியும் உண்டு. இரண்டையும் சொல்ல இசைவு தந்தால் வருகிறேன் என்றேன். இசைந்தார், வந்திருக்கிறேன்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்பு, புதுவைக்குக் கிழக்கே கடலுக்கடியில் ஒரு நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன் அளவு 5.5. அதே ஆண்டு ஜனவரி 26இல்தான் குஜராத்தில் பூஜ் நகரமும் சுற்றுப்புறமும் இடிந்து விழுந்தன. அந்தப் படங்கள் எல்லார் கண்ணிலும் நின்றிருந்த காலம். ஆகவே கடலூருக்கு அருகே எங்கள் ஊரில் பரண்மேல் இருந்த பாத்திரங்கள் கலகலத்த உடனே மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் ஆய்வகத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “நடுக்கடல்ல நடந்தத இத்தனை கிலோமீட்டர்ல நடந்துச்சுன்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கிறாங்க? அங்க போயா பார்த்தாங்க?”

எனக்கு விடை தெரியவில்லை. இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவரும் உடனே விடை சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. அதற்காகவே அவரை நான் மதித்தேன். ஒரு வாரம் கழித்து, கல்லூரி நூலகம் ஒன்றிலிருந்து ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழின் 1979 ஜூலை மாதக் கட்டுரை ஒன்றைப் படியெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டிலேயே நிலநடுக்கமானி செய்வது எப்படி என்பது கட்டுரையின் பொருள். எழுதியவர் ஜெர்ல் வாக்கர். அதில் விளக்கப்பட்டிருந்த கருவியை உருவாக்கியவர், வர்ஜீனியா மாநிலத்து இயற்பியல் ஆசிரியர் லேமன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பத்துப் பக்கங்களைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

கருவியின் தத்துவம் நீங்கள் பேருந்தில் நாள்தோறும் உணர்வதுதான். நின்றிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்பட்டால் நிற்பவர் பின்னுக்குச் சாய்கிறார். உண்மையில் அவர் உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பேருந்துதான் அவர் காலடியில் நகர்ந்துவிட்டது. இதையே நிலைமம் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். நிலம் நடுங்கும்போது வீடு, மரம், மேசை, அளக்க வந்தவன் எல்லாம் சேர்ந்தே ஆடுகின்றன. அப்போது ஆடாமல் நிற்கும் பொருள் ஒன்று வேண்டும். கயிற்றில் தொங்கும் குண்டு ஓரளவுக்கு அப்படிப்பட்டது. மேலே விட்டம் நகர்ந்தாலும் குண்டு உடனே நகர்வதில்லை.

ஓரளவுக்கு என்று ஏன் சொன்னேன்? ஊசலுக்குத் தனக்கென்று ஓர் அலைவு நேரம் உண்டு. நிலம் அதைவிட மிக மெதுவாக ஆடினால் குண்டும் கூடவே போய்விடும். நமக்கு ஒன்றும் தெரியாது. நெடுந்தொலைவிலிருந்து வரும் மேற்பரப்பு அலைகள் ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ 20 நொடி எடுத்துக்கொள்கின்றன. அவற்றைப் பிடிக்க ஊசலின் அலைவு நேரம் 15 நொடியாவது இருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு அலைவு நேரம் 2 நொடிதான். 15 நொடி வேண்டுமென்றால் கயிற்றின் நீளம் 56 மீட்டர்! சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியிலிருந்து தெருவரைக்கும் கயிறு விட்டாலும் போதாது.

இந்த இடத்தில்தான் கதவு துணைக்கு வருகிறது. தச்சர் தூக்குக்குண்டு பார்த்து நிலைக்காலை நேராக நிறுத்தியிருந்தால், கதவு விட்ட இடத்தில் நிற்கும். நிலைக்கால் சற்றே சாய்ந்திருந்தால், கதவு தானாக நகர்ந்து ஓரிடத்தில் போய் நிற்கும். சாய்வு குறையக் குறைய அந்த நகர்வும் மெதுவாகும். அதாவது, கதவு என்பது படுக்கவைத்த ஊசல். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள ‘கதவு’ ஒன்றின் நிலைக்காலை முக்கால் பாகைக்கும் குறைவாகச் சாய்த்தால், அலைவு நேரம் 15 நொடியாகிவிடும். எல்.ஐ.சி. கட்டடம் என் வீட்டுப் பின்னறைக்குள் அடங்கிவிட்டது. இதற்குக் கிடை ஊசல் என்று பெயர்.

பொருள்களைச் சேர்த்தது தனிக் கதை. நிலைக்காலுக்குத் தண்ணீர்க் குழாய். குழாய் வேலை செய்யும் என் மைத்துனர் மரை வெட்டிக் கொடுத்தார். கதவுக்கு அலுமினியக் குழாய். அதன் ஒரு முனையில் கத்தி விளிம்புபோல் தீட்டிய எஃகுத் துண்டு; அது நிலைக்காலில் பதித்த போல்ட்டின் தலையில் முட்டிக்கொண்டு நிற்கும். மறுமுனைக்கு அருகே எடை. எடையை நிலைக்காலின் உச்சியிலிருந்து தாங்குவது வீணைக் கம்பி. அது மெல்லியது, எளிதில் அறாது, நீளாது. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று சமன்செய் திருகுகள் பொருத்திய இரும்புச் சட்டம். சட்டத்துக்கு அடியில் கருங்கல் பலகை.

எடைக்கு முதலில் மளிகைக் கடை இரும்புப் படிக்கல்லை வைத்தேன். அது பெரும் பிழை. பக்கத்தில் வைத்திருந்த காந்தம் படிக்கல்லை இழுத்துக்கொண்டது. காந்தத்துக்கு வசப்படாத பொருள் வேண்டும்; ஈயம் நல்லது. துறைமுகப் பக்கம் வலைச் சாமான் விற்கும் ஓர் அம்மையாரிடம் போய், வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் நான்கு கிலோ கேட்டேன். “வலை எங்க? வலையில்லாதவனுக்கு ஈயம் எதுக்கு?” என்றார். நிலம் ஆடுவதை அளக்க என்றேன். சிரித்தார். “நிலம் எங்க ஆடுது, கடல்தான் ஆடுது” என்று சொல்லிக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார். அந்தக் குண்டுகளைப் பித்தளைச் செம்பு ஒன்றில் இறுக அடைத்து எடையாக்கினேன்.

அடுத்தது, அசைவை மின்சாரமாக்குவது. லாடக் காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே கம்பிச்சுருள் நகர்ந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பது பாரடே 1831இல் கண்டது. மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர், மயிரிழை போன்ற தாமிரக் கம்பியைச் சில ஆயிரம் சுற்றுகள் சுற்றிக் கொடுத்தார். அதைக் கதவின் நுனியில் பொருத்தினேன். காந்தம் தரையில் இருக்கும். நிலம் நகர்ந்தால் காந்தமும் நகரும், சுருள் நிற்கும். எத்தனை விரைவாக நகர்கிறதோ அத்தனை மின்னழுத்தம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிதாகச் செய்பவர் பெரும்பாலும் தவறுவது தணிப்பில்தான். எதுவும் தடுக்காத ஊசலை ஒருமுறை தொட்டுவிட்டால் அது நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். நிலம் ஓய்ந்த பிறகும் கருவி எழுதிக்கொண்டிருக்கும். அது எழுதுவது தன் கதையைத்தான், நிலத்தின் கதையை அன்று. ஆகவே கதவின் நுனியில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு, அதை எண்ணெய்க் கிண்ணத்தில் அமிழ்த்தி வைக்க வேண்டும். ஊசலைச் சற்றே ஒதுக்கி விட்டால், திரும்பி வந்து, நடுவைக் கொஞ்சம் கடந்து, மீண்டும் வந்து நின்றுவிட வேண்டும். அப்படி நின்றால் தணிப்பு சரி.

நான் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். வீட்டில் இருந்தது அதுதான். ஆவணி, புரட்டாசியில் நன்றாக வேலை செய்தது. மார்கழி பிறந்ததும் கருவி ஊமையாகிவிட்டது. கம்பி சரி, சுருள் சரி. நான்கு நாள் தலையை உடைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் விடியற்காலை மூடியைத் திறந்து பார்த்தால், எண்ணெய் வெள்ளையாக உறைந்து தகட்டைக் கவ்விப் பிடித்திருக்கிறது! மனைவியிடம் சொன்னேன். “தலைக்குத் தேய்க்கறவங்களக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போமே” என்றார். அதன்பின் விளக்கெண்ணெய்க்கு மாறினேன்.

பதிவு செய்யும் பகுதியை நான் செய்யவில்லை. இந்த விடுதியில் தங்கிப் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த தம்பி ஒருவர் செய்தார். பெருக்கி ஒன்றை அமைத்து, பழைய கணிப்பொறி ஒன்றில் இணைத்து, திரையில் கோடு நகருமாறு நிரலும் எழுதினார். கணிப்பொறியின் கடிகாரம் நாளுக்குச் சில நொடி பிசகும். ஆகாசவாணிச் செய்திக்கு முன் ஒலிக்கும் நேர ஒலியைக் கேட்டு நாள்தோறும் அதைத் திருத்துவேன். நேரம் தவறினால் இந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை.

2002ஆம் ஆண்டு முழுவதும் நான் பதிவு செய்தது நிலநடுக்கங்களை அன்று. பக்கத்து வீட்டு மாட்டைப் பதிவு செய்தேன். மாடு கொட்டிலில் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாறி நின்றால் தரை இம்மியளவு சாயும். நீண்ட அலைவு நேரமுள்ள ஊசலுக்கு அதுவே மலை புரண்டதுபோல. வெயில் ஏறச் சுவர் சூடாவதைப் பதிவு செய்தேன். அலுமினியக் குழாயின்மேல் நடந்த பல்லியையும் பதிவு செய்தேன். காற்றுப் புகாமல் தெர்மோகோல் பெட்டியால் மூடிய பிறகே கோடு அமைதியடைந்தது. அப்போதும் முழு அமைதி இல்லை. ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை கோடு மெல்ல மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அது கருவியின் கோளாறு என்று எண்ணிப் பல நாள் திருகுகளைத் திருகினேன். பிறகுதான் தெரிந்தது, அது கடல். கடலலைகளின் அழுத்தம் கடலடியை ஓயாமல் தட்டுகிறது. அந்தத் துடிப்பு நிலத்தினூடே நூற்றுக்கணக்கான மைல் வருகிறது. புயற்சின்னம் தோன்றும் ஐப்பசி, கார்த்திகையில் மழை வருமுன்பே கோடு தடிக்கும். மழைக்காலத்துக் கடலுக்கும் இந்தத் துடிப்புக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டு அறிஞர் எஸ். கே. பானர்ஜி 1930லேயே எழுதியிருக்கிறார்.

முதல் நல்ல பதிவு 2003 செப்டம்பர் 26 விடியற்காலையில் கிடைத்தது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவை ஒட்டி 8.3 அளவுள்ள நிலநடுக்கம். நம் நேரப்படி அது உண்டானது 1 மணி 20 நிமிடத்தில். பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்து என் கோடு அசைந்தது. எட்டரை நிமிடம் சென்று இரண்டாம் அசைவு. பிறகு நெடுநேரம், நீண்ட நீண்ட அலைகள்.

அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை இந்த எட்டரை நிமிடத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்கம் இருவகை அலைகளை நிலத்தின் உள்ளே அனுப்புகிறது. முதல் அலை நிலத்தை அழுத்தியும் தளர்த்தியும் செல்வது, விரைவானது. இரண்டாம் அலை நிலத்தைக் குறுக்கே அசைத்துச் செல்வது, மெதுவானது. ஒரே நேரத்தில் ஓட்டம் தொடங்கிய இருவரில் ஒருவர் விரைவாகவும் மற்றவர் மெதுவாகவும் ஓடினால், ஓட ஓட இடைவெளி கூடும் அல்லவா? இடைவெளியைப் பார்த்தே எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று சொல்லிவிடலாம். அருகில் நடந்த நிலநடுக்கமாயின் இடைவெளியின் நொடிகளை எட்டால் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோமீட்டர் கிடைக்கும். தொலைவில் நடந்ததாயின் அட்டவணை பார்க்க வேண்டும். எட்டரை நிமிடத்துக்கு அட்டவணை சொன்னது ஏறத்தாழ 7000 கிலோமீட்டர். பள்ளியில் இருந்த உலக உருண்டையில் நூல் வைத்து அளந்தேன். ஜப்பான்! மறுநாள் செய்தித்தாளில் வந்தது. அந்த இரவு எங்கள் ஊர் நிலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்ல அசைந்திருக்க வேண்டும் என்று பின்னர்க் கணக்கிட்டேன். உறங்கிய ஒருவரும் விழிக்கவில்லை.

முதல் அலை, இரண்டாம் அலை, மேற்பரப்பு அலை என்று பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் ஆர். டி. ஓல்டம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர், 1897 ஜூன் 12இல் நிகழ்ந்த அஸ்ஸாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டார். ஓல்டம் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார். அவருக்கு முன்பே, 1889 ஏப்ரல் 17இல், ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ரெபூர்-பாஷ்விட்ஸ் என்னும் இளைஞர் வேறு ஓர் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த கிடை ஊசல், ஜப்பானில் நடந்த நிலநடுக்கத்தைத் தற்செயலாக எழுதிவிட்டது. உலகின் ஒரு மூலையில் நிலம் நடுங்கினால் மறு மூலையிலும் அது தெரியும் என்பதற்கு அதுதான் முதற் சான்று. காச நோயால் அவர் 34 வயதில் இறந்தார். இன்னொன்று: கருவியைச் செய்த லேமன் வேறு, 1936இல் பூமியின் நடுவே உட்கரு உண்டென்று கண்ட டென்மார்க்கு அம்மையார் இங்கே லேமன் வேறு. அந்த அம்மையாரும் 1925இல் ஒருவருக்கு உதவியாளராகத்தான் இத்துறைக்குள் வந்தார். உதவியாளனாகிய நான் அதைப் படித்தபோது அடைந்த மகிழ்ச்சியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிற்க. இனிச் சொல்லப் போவது மற்றப் பகுதி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்து பின்னறையில்தான் இருந்தேன். 6 மணி 33 நிமிடத்துக்குக் கோடு அசையத் தொடங்கியது. மூன்று நிமிடம் கழித்து இரண்டாம் அலை வந்தது. கோடு திரையின் இரு விளிம்புகளையும் முட்டிற்று. அப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: ‘இடைவெளி 3 நிமிடம் 20 நொடி. தொலைவு சுமார் 2000 கி.மீ. மிகப் பெரியது.’ அதன் அடியில் இரண்டு கோடும் போட்டேன். என் மனத்தில் இருந்தது மகிழ்ச்சி. அதை மறைக்க விரும்பவில்லை. தெருவில் சிலர் தரை ஆடியதை உணர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து, “ரொம்பத் தூரத்துல நடந்திருக்கு. நமக்கு ஒண்ணும் இல்ல” என்று அவர்களுக்குச் சொன்னேன். அளந்து சொன்னவன் என்பதால் நம்பினார்கள். தேநீர் குடித்தேன்.

ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. என் வீடு கரையிலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுமத்திராவின் வடமேற்கே, நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்தில் உண்டான அந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடலடிப் பாறை 1000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு முறிந்து, கடலடி சில மீட்டர் உயர்ந்தது. இலங்கையில் நிலம் 9 சென்டிமீட்டருக்கும் மேல் ஏறி இறங்கியதாகப் பின்னர் அறிந்தேன். நில அலை நம்மை அடைய நான்கு நிமிடம். கடலலை நம்மை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த இரண்டு மணி நேரமும் தொலைவு எழுதிய குறிப்பேடு என் மேசையில் திறந்தே கிடந்தது.

நான் யாரையாவது காப்பாற்றியிருப்பேனா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. ஒரு கருவி தொலைவை மட்டுமே சொல்லும், திசையைச் சொல்லாது. கடலூரை நடுவாக வைத்து 2000 கிலோமீட்டருக்கு வட்டம் வரைந்தால், அது வடக்கே இமயமலை அடிவாரத்தையும், வடமேற்கே கராச்சியையும், வடகிழக்கே மியான்மரின் மாண்டலேயையும், கிழக்கே தாய்லாந்தின் மேற்குக் கரையையும், தென்கிழக்கே சுமத்திராவையும் தொட்டுச் செல்லும். மற்ற இடங்களில் கடல். இவற்றில் எது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நான் அந்த வட்டத்தை வரையவே இல்லையே! வரைந்திருந்தால் அதில் பெரும்பகுதி கடலில் செல்வதையாவது கண்டிருப்பேன். சுனாமி என்ற சொல்லை நான் படித்ததுண்டு. அது பசிபிக் கடலுக்குரியது, நமக்கில்லை என்று எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணமும் தவறு. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்து, அதனால் எழுந்த கடலலை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுக நீர்மட்டக் கருவிகளில் பதிவாயிற்று. சிறிய அலைதான்; ஆயினும் பதிவாயிற்று. அதைப் பற்றி 1884இல் எழுதியவர் யார் தெரியுமா? ஓல்டம். எவருடைய முதல் அலை, இரண்டாம் அலையை மாணவர்களுக்குப் பெருமையோடு விளக்கினேனோ, அதே ஓல்டம். அவர் எழுதிய மற்றதை நான் படித்திருக்கவில்லை.

ஜனவரியில் துறைமுகப் பக்கம் போனேன். ஈயம் விற்ற அம்மையாரின் கடை இருந்த இடத்தில் மணல் இருந்தது. விசாரித்தேன். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. சில நாள் கருவியை நிறுத்திவைத்தேன். செம்பை வெளியே எடுத்துவிடலாமா என்றும் எண்ணினேன். எடுக்கவில்லை.

2005 மார்ச் 28 இரவு 9.44க்குக் கோடு மீண்டும் துள்ளியது. சுமத்திராவின் நியாஸ் தீவருகே 8.6 அளவு என்று பின்னர்த் தெரிந்தது. இம்முறை வட்டம் வரைந்தேன். ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்தவர் நீங்கள் யார் என்றார். ஆய்வக உதவியாளன் என்றேன். வைத்துவிட்டார். மொபெட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அதற்குள் தொலைக்காட்சிச் செய்தி கேட்டு மக்கள் கிழவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நானும் வீடு வீடாகச் சொன்னேன். விடியும்வரை காத்திருந்தோம். அலை வரவில்லை. “பொய் சொல்லி ராத்திரியெல்லாம் அலைய வெச்சிட்டியே” என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அவர் டிசம்பரில் இரு பிள்ளைகளை இழந்தவர் என்று உடனிருந்தவர் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை.

அதன்பிறகே இரண்டாவது ஊசலைச் செய்தேன். ஒன்று வடக்கு தெற்கு அசைவுக்கு, மற்றொன்று கிழக்கு மேற்கு அசைவுக்கு. இரண்டிலும் முதல் அலையின் அளவை ஒப்பிட்டால் நிலநடுக்கம் எந்தக் கோட்டில் நடந்தது என்று தெரியும். கோட்டின் எந்தப் பக்கம் என்பது தெரியாது. அதற்கு மேல் கீழ் அசைவை அளக்கும் மூன்றாவது கருவி வேண்டும். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2 மணி 8 நிமிடத்தில் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் உண்டாகி, சென்னையில் மக்கள் அலுவலகங்களை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். என் இரு கோடுகளும் திசைக்கோட்டைச் சரியாகவே காட்டின. ஆயினும் நான் எவரிடமும் ஓடவில்லை. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் சுனாமி எச்சரிக்கை மையம் சில நிமிடங்களிலேயே அறிவிப்பைத் தந்துவிட்டது. பெரிய அலை வரவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். 2004இல் கடலடி மேலே தூக்கியது. ஆகவே நீரும் எழுந்தது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. நீரை அவ்வளவாகத் தூக்கவில்லை. இந்த வேறுபாட்டை என் கருவியிலிருந்து நான் கண்டிருக்க முடியாது. கடல் நடுவே மிதக்கும் கருவிகளும், கரையோர நீர்மட்டக் கருவிகளும், பல நாட்டு நிலநடுக்கப் பதிவுகளும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

அப்படியானால் இதை ஏன் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு ஒரு மாணவர் கேட்டார், கைப்பேசியிலேயே முடுக்கமானி இருக்கிறதே என்று. இருக்கிறது. அருகில் நடந்த வலுவான அதிர்வை அது உணரும். ஜப்பானிலிருந்து வந்து ஒரு மில்லிமீட்டர் அசைத்துவிட்டு 20 நொடியில் திரும்பும் அலையை அது உணராது. இந்தச் செம்பு உணரும். பெட்டியில் அடைத்து ஆயத்தமாக விற்கும் நல்ல கருவிகளும் இன்று உண்டு. வாங்க வசதியுள்ளவர் வாங்கலாம். ஆனால் வாங்கிய கருவி காட்டும் கோட்டில் எது மாடு, எது கடல், எது நிலம் என்று பிரித்தறிய எனக்கு ஓராண்டு பிடித்ததே, அந்த ஓராண்டைக் கடையில் வாங்க முடியாது. செய்தி சொல்லும் எண்ணுக்கு என்ன பொருள், எதுவரைக்கும் அதை நம்பலாம் என்று கேட்கத் தெரிந்தவர்கள் கரையோர ஊர்களில் நாலு பேராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அன்று தெருவில் நின்று ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னவனுக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா?

இரு ஊசல்களும் 2016 முதல் இந்த விடுதியின் வடக்கு அறையில் இருக்கின்றன. இப்போது கடிகாரத்தை இணையமே திருத்திவிடுகிறது. அந்த வேலை இல்லை. காலையும் மாலையும் ஒருவர் போய்ப் பார்த்து, கோட்டின் தடிப்பு, மின்தடை நேரம், ஏதேனும் பதிவாகியிருந்தால் இரு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பெரிதாக ஏதேனும் பதிவானால் முதலில் வட்டம் வரைய வேண்டும். வரைபடமும் கவராயமும் அங்கேயே வைத்திருக்கிறேன். எனக்குக் கண்ணில் புரை வந்துவிட்டது. ஐப்பசியிலிருந்து பல பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. இருவர் வேண்டும், தேர்வு நாட்களில் ஒருவரையொருவர் மாற்றிக்கொள்ளலாம். விளக்கெண்ணெய்யை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். அறையின் சாவி காப்பாளரிடம் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இன்று மாலைக்குள் அவரிடம் பெயர் கொடுங்கள்.